கிருமிக்கு ஏது கால்?

"அப்பா, கிருமிக்குக் கால் இருக்கா?"

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இதைக் கேட்டபோது அவர் சாப்பிட்டு முடித்து, நாற்காலியில் பாதி தூக்கத்தில் இருந்தார்.

"கிடையாதும்மா. காலும் இல்ல, றெக்கையும் இல்ல."

"அப்போ எப்படி ஊர் சுத்துது?"

"ஈ தூக்கிட்டுப் போகும். தண்ணி இழுத்துட்டுப் போகும். கழுவாத கை..."

அதற்குமேல் கொட்டாவி வந்துவிட்டது. பகல் முழுவதும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அவர் சொல்லித் திரிவதே இதைத்தான். வீட்டிலும் சொல்ல வேண்டுமென்றால் எந்த மனுஷனுக்கும் அலுக்கும்.

"மீதி நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் பின்னால் வந்த பாடு எதுவும் வந்திருக்காது.

நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் அவருக்கு வேலை, குழந்தைகளுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுப்பது. பிள்ளைகள் 'கை சார்' என்று கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் வாளி, சோப்பு, தண்ணீர் எல்லாம் வகுப்பறைக்குள்ளேயே கொண்டுபோய்ச் செய்து காட்டினார். ஒரு நாள் தரையெல்லாம் நுரையாகி, தலைமை ஆசிரியை ஒருவர் கதவிலிருந்து கரும்பலகை வரை சறுக்கிக்கொண்டே போய்விட்டார். அன்றிலிருந்து வெறும் கைதான்.

"தண்ணி இருக்கறதா நினைச்சுக்கோங்க. சோப்பு இருக்கறதா நினைச்சுக்கோங்க. இப்போ உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண்..."

தூரத்தில் நின்று சொன்னால் பிள்ளைகள் மனதில் நிற்காது என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, நிதானமாகத் தேய்த்துக் காட்டுவார். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட விடமாட்டார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, "கடவுளே, இன்னைக்குத் தொடுற கையெல்லாம் நல்லா இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வார். உண்மையாகவே வேண்டிக்கொள்வார்.

சோப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு இடம் அவருடைய அலுவலகத்துக் கழிப்பறை. சுகாதாரப் பிரிவுக்கே சோப்பு கிடையாது. சோப்பு கேட்டு எழுதிய தாள் மேலிடத்துக்குப் போயிருந்தது. மேலிடத்திலிருந்து, போன சோப்பு எப்படித் தீர்ந்தது என்று விளக்கம் கேட்டு வந்திருந்தது.

முதல் தொலைபேசி, ஊரின் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து.

"கை சார், எங்க ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க வரல" என்றார் தலைமை ஆசிரியை. "வந்ததுல பாதி கழிப்பறையில இருக்கு. வாந்தி, பேதி. நீங்க இங்க வந்துட்டுப் போய் ரெண்டு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள எல்லாம் மறந்துடுச்சுங்க போல."

"இதோ கிளம்பிட்டேன் டீச்சர்."

ஸ்கூட்டரைப் பள்ளி வாசலில் நிறுத்தும்போதே அந்தக் குரல் கேட்டது.

"சார், இப்போ வயிறு எப்படி இருக்கு?"

"அக்கா! மெதுவா!"

பழம் வெட்டி விற்கும் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். வாசலோரத்து மரத்தடியில் அவருடைய தள்ளுவண்டி. தர்பூசணித் துண்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் குழாய் வைத்த நீல டிரம்மில் தண்ணீர். தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து தினமும் காலையில் அதை நிரப்புவார். முட்டிவலிக்காரர். குடத்தை இறக்கும்போதெல்லாம் "அப்பனே" என்று ஒரு சத்தம் வரும்.

விஷயம் இதுதான். போன வாரம் இதே வாசலில் கை சாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னாலேயே வழியில் இரண்டு இடங்களில் ஸ்கூட்டரை நிறுத்தி, முன்பின் தெரியாதவர்களிடம் கழிப்பறை கேட்டு நின்றிருந்தார். அக்காதான் அவரைப் பழப்பெட்டிமேல் உட்கார வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். வெயில் படாமல் குடை பிடித்தார். வெகுநேரம், முட்டி வலிக்க, நின்றபடியே பிடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று அன்றைக்கு அவர் கெஞ்சினார். "கை கழுவக் கத்துக் கொடுக்கறவனுக்கே பேதின்னு தெரிஞ்சா என் பொழப்பு சிரிப்பா சிரிச்சுடும்."

"நான் ஏன் சார் சொல்றேன்? வயித்துக்கு யாரு என்னன்னு தெரியுமா?" என்றார் அக்கா.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். விடுப்புக் கடிதத்தில் 'தலைவலி' என்று எழுதினார். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் அது. அலுவலகத்தில் பல பேருக்கு அப்போது தலைவலி. அதற்கடுத்த நாள் வயிறு நின்றுவிட்டது. நின்றதும் நேராகப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். கடமை தவறாதவர்.

இப்போது பின்னாலேயே அலுவலக ஜீப் வந்து நின்றது. சுகாதார அதிகாரி இறங்கினார். ஓய்வு பெறப் பக்கத்தில் இருக்கும் அம்மாள். கைப்பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை.

"யாருக்கு முதல்ல வந்துச்சு?" என்று ஆரம்பித்தார். "அது தெரிஞ்சா போதும். இதுல பாக்டீரியா இருக்கு, வைரஸ் இருக்கு, தண்ணியில வர்ற சின்னப் பூச்சிங்க இருக்கு. வழி மட்டும் ஒண்ணுதான். ஒருத்தர் வயித்துல இருந்து வெளியே போனது, எப்படியோ சுத்தி வந்து இன்னொருத்தர் வாய்க்குள்ள போகுது."

கேட்டைத் திறந்துவிட்ட பள்ளி வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டார். "மேடம், நான் இப்பத்தான் டிபன் சாப்பிட்டேன்."

"யாருக்கு முதல்ல வந்துச்சு, வாட்ச்மேன்?"

"எனக்குத் தெரியாது மேடம். ஆனா இந்த ஸ்கூல்ல யாருக்கு என்ன வந்தாலும் பழி என்மேலதான் வரும்."

அதிகாரி பழக்கார அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க நாள் முழுக்க வாசல்லயே நிக்கறீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அக்கா கை சாரைப் பார்த்தார். ஒரு நொடிதான். கை சாருக்கு அந்த நொடியில் மறுபடியும் கண் இருட்டியது.

"எனக்கு எப்படிங்கம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அக்கா கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கை சாருக்கு மூச்சு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டு, "பழவண்டியை எடுக்கச் சொல்லிடுவோம்" என்றார்.

"மேடம், பழத்துலதான் வந்துச்சுன்னு..."

"எனக்கே நம்பிக்கை இல்ல. சாப்பாட்டுல விஷமாகியிருந்தா, தின்னவங்க எல்லாம் சில மணி நேரத்துல ஒண்ணா விழுவாங்க. இது ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா விழுது. ஆனா மேலே இருந்து என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேக்கறாங்க. தண்ணித் தொட்டியை என்னால தள்ள முடியாது. வண்டியைத் தள்ள முடியும்."

அந்த இடத்தில் கை சார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. ஆனால் சொல்ல வந்ததைக் கேட்டு அலுவலகம் எப்படிச் சிரிக்கும் என்பது முன்னால் வந்து நின்றது. வாய் மூடிக்கொண்டது.

அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது, "பிள்ளைங்களுக்குச் சரியானதும் சொல்லி அனுப்புங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டு வாசலில் வழக்கம்போல மனைவி சோப்போடு நின்றிருந்தார். அந்த வீட்டில், வெளியே போய் வந்தவர் குழாயடியில் கை கழுவாமல் ஒரு அடி உள்ளே வைக்க முடியாது. மனைவி பக்கத்தில் நின்று பார்ப்பார். நகக்கண் வரை பார்ப்பார்.

கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

"உங்களுக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுத்தாங்களே, அந்த அக்காவா?" என்றார் மனைவி.

"ம்."

"அவங்க பொழப்பே அந்த வண்டிதானே?"

"மேடம் எடுத்த முடிவு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நல்லாக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

வண்டி போய்விட்டது. பேதி போகவில்லை.

விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டுமென்று கை சார் பெரிய பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த வகுப்புகளுக்கும் மறுபடி போய், ஒவ்வொரு கையாகப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அந்த வகுப்புகளும் காலியாயின.

"தண்ணிதான் டீச்சர் காரணம்" என்றார். தொட்டியைக் கழுவச் சொன்னார். கழுவ வந்தவரோ குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார். தண்ணீரில் நீச்சல்குளத்து வாடை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொன்னால், முதல் மணிக்குள் எல்லா பாட்டிலும் காலி. பிறகு எவன் பாட்டிலில் தண்ணீர் மிச்சமிருந்ததோ அவன் பாட்டிலில் மொத்த வகுப்பும் வாய் வைத்தது.

"இங்க நிலைமை கைமீறிப் போச்சு. மத்த ஸ்கூலையாவது காப்பாத்தணும்" என்று கை சார் ரயில்பாதை ஓரத்துப் பள்ளிக்கு முன்னெச்சரிக்கையாகப் போனார். அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. எல்லாருடைய கையையும் பிடித்து நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு நாளில் அங்கிருந்தும் தொலைபேசி.

"தண்ணி வசதி இல்லாத இடத்துக்கு இது இருக்கட்டும்" என்று அதிகாரி கைக்குத் தடவும் ஜெல் பாட்டில்களைக் கொடுத்தனுப்பினார். கை சாருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. எங்கே வேண்டுமானாலும் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவே தேய்த்துக்கொண்டார். அலுவலகக் கழிப்பறையிலிருந்து வந்ததும் தேய்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்கும் ஜெல் பிடித்துப்போனது. முழங்கைவரை பூசிக்கொண்டார்கள். இருந்த ஒரே குழாயடிக்கும் யாரும் போகாமல் ஆனார்கள்.

மூன்றாவது பள்ளி, மார்க்கெட் பின்புறம் உள்ளது. அங்கேயும் போய்க் கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அதுவும் விழுந்தது.

அதிகாரி அவரைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். எந்த ஸ்கூலுக்கு அடுத்து வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? அது போறதுக்கு முன்னாடியே நீங்க போயிடறீங்களே. இந்த வருஷம் சிறந்த ஊழியருக்கு உங்க பேரைத்தான் எழுதலாம்னு இருக்கேன்."

"கடவுள் புண்ணியம் மேடம்" என்றார் அவர், களைப்போடு.

அதற்குள் மலமாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெற்றோரிடம் சிறிய டப்பாக்கள் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் பள்ளி வாசலில் வாங்கி வைக்கும் பொறுப்பு வாட்ச்மேனுடையது. ஒரு தாய், கொடுத்த டப்பா போதாது என்றோ என்னவோ, ஒரு மிட்டாய் டப்பாவில் வண்ணத்தாள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"யாருக்கு சார் பிறந்தநாள்?" என்று வாட்ச்மேன் மூடியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே கை சார் ஓடிவந்தார்.

தாமதமாகிவிட்டது. வாட்ச்மேன் அந்த மாதம் முழுக்க மிட்டாய் தொடவில்லை.

முடிவு வந்தது. வைரஸ். அதிகாரி மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லா ஊழியர்களுக்கும் விளக்கினார்.

"இது பழத்துல முளைச்சதும் இல்ல, தொட்டியில முளைச்சதும் இல்ல. மனுஷன் கொண்டு வந்தது. கண்ணுக்கே தெரியாத துளி போதும், ஒருத்தரைப் படுக்க வைக்க. இன்னொண்ணு கேட்டுக்கோங்க. பேதி நின்னு, ஆள் தெம்பா நடமாட ஆரம்பிச்ச பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் இது வயித்துல இருந்து வெளியே வந்துட்டு இருக்கும். நாம கொடுத்தோமே ஜெல், அதுக்கெல்லாம் இது அவ்வளவா அசையாது. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில தேச்சுக் கழுவினாத்தான் போகும்."

கூட்டத்தில் ஏனோ யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆளாளுக்குக் கூரையையும் தரையையும் பார்த்தார்கள். கை சார் மட்டும் வேகமாக எழுந்தார். அவருக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். ஜெல்லை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளிடம் உடனே சொல்லியாக வேண்டும். தன் மகளுடைய பள்ளிக்கு இன்னும் போகவே இல்லையே!

கழிப்பறைக்குப் போய்விட்டு, சோப்பு இல்லாததால் பழக்கத்தில் இரண்டு சொட்டு ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்தார்.

மகளின் வகுப்பில் பிள்ளைகள் "கை சார்! கை சார்!" என்று கூவினார்கள். மகள் வெட்கத்தில் நெளிந்தாள். யாருடைய கையை முதலில் பிடிக்கலாம் என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் அவளைக் காட்டினார்கள். அந்தச் சின்னக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து, தண்ணீர் இருப்பதாகவும் சோப்பு இருப்பதாகவும் நினைத்துக்கொண்டு, நகக்கண் வரை தேய்த்துக் காட்டினார். பிறகு மற்ற பிள்ளைகளுக்கு.

இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் மகளைப் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வாழைத்தண்டு மாதிரி துவண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. மனைவி வாளியும் துணியுமாக நடந்துகொண்டிருந்தார். கை சார் படுக்கையோரம் உட்கார்ந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். ஊரெல்லாம் சுற்றியவருக்குத் தன் வீட்டுக்கு நோய் வந்தபிறகுதான் அதன் முகம் தெரிந்தது.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஏம்பா எல்லாம் தண்ணியாவே போகுது?"

"குடல் சுவர்ல குட்டிக் குட்டி விரல் மாதிரி இருக்கும்மா. நீ குடிக்கிற தண்ணியை அதுதான் உறிஞ்சி உடம்புக்குக் கொடுக்கும். கிருமி அந்த விரலையெல்லாம் மழுக்கிடும். உறிஞ்ச ஆளில்லாம தண்ணி அப்படியே ஓடிடுது."

"அப்போ இது மட்டும் எப்படி உள்ளே போகும்?" என்று தம்ளரைக் காட்டினாள்.

"அதுக்குத்தான் சர்க்கரை. உப்பு தனியா உள்ளே போகச் சிரமப்படும். சர்க்கரை அதைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடும். உப்பு போனா தண்ணி அது பின்னாடியே போயிடும்."

"கையைப் பிடிச்சா? உங்களை மாதிரியே?"

"ஆமா, என்னை மாதிரியே."

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

"அப்பா, கிருமிக்குக் கால் வேணாம்."

"ஏம்மா?"

"அதான் உங்க ஸ்கூட்டர் இருக்கே."

கரண்டி பாதியில் நின்றது.

"பெரிய ஸ்கூலுக்குப் போனீங்க, அங்க வந்துச்சு. ரயில் ஸ்கூலுக்குப் போனீங்க, அங்க வந்துச்சு. மார்க்கெட் ஸ்கூல். தினமும் சாப்பிடறப்போ நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எங்க ஸ்கூலுக்கு வந்தீங்க. என் கையைத்தான் முதல்ல பிடிச்சீங்க. எனக்குத்தான் முதல்ல வந்துச்சு." குரலில் குற்றம் எதுவும் இல்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது போலச் சொல்லிவிட்டு, "தண்ணி" என்று வாயைத் திறந்தாள்.

அவர் ஊட்டினார். வாசல் குழாயடியில் மனைவி துணியை அலசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள் அது நுழையாததற்கு அந்தக் குழாயடிதான் காரணம் என்று இப்போது புரிந்தது. அங்கே ஒருத்தி நின்று பார்த்தாள். கழுவினார். அலுவலகத்தில் பார்க்க ஆளில்லை.

மறுநாள் மகள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். அவர் மனதுக்குள் கைகூப்பிவிட்டு, நேராக அலுவலகத்துக்குப் போனார். ஸ்கூட்டரைத் தொட மனம் வரவில்லை. நடந்தே போனார்.

"மேடம், யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு கேட்டீங்களே."

"ஆமா."

"எனக்குத்தான் மேடம். அன்னைக்கு லீவு லெட்டர்ல தலைவலின்னு எழுதினேன். தலைவலி இல்ல. நின்ன உடனே வேலைக்கு வந்துட்டேன். வீடு வீடா பேப்பர் போடற மாதிரி ஸ்கூல் ஸ்கூலா நான்தான் போட்டுட்டு வந்திருக்கேன். அந்தப் பழக்கார அக்காவுக்கு எல்லாம் தெரியும். நீங்க கேட்டப்போ சொல்லியிருந்தா அவங்க வண்டி பிழைச்சிருக்கும். என் மானத்துக்காகச் சொல்லல. என்னை என்ன வேணா பண்ணுங்க, அவங்க வண்டியைத் திரும்ப விடுங்க."

சொல்லி முடித்ததும் சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு மாத்திரையைப் பிரித்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு..." என்றார். "உங்களுக்கு முந்தின நாள் நானும் தலைவலின்னுதான் லீவு போட்டேன்."

"மேடம்?"

"சுகாதார அதிகாரிக்கே பேதின்னு எப்படி எழுதறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாத்திய கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அட்டெண்டர் டீயோடு உள்ளே வந்தார். தம்ளரை வைத்தார். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இதுல என்னங்க மேடம் ரகசியம்? அந்த வாரம் நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் தலைவலிதானே. கழிப்பறை வாசல்ல தலைவலிக்காரங்க வரிசையில நின்னதை நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்!"

டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அன்று மூன்று காரியங்கள் நடந்தன. மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் அதிகாரியே கடைக்கு ஆள் அனுப்பி அலுவலகத்துக்குச் சோப்பு வாங்கினார். இரண்டு வாரத்துக்கு யாரும் எந்தப் பள்ளிப் படியும் ஏறக்கூடாது என்றார், தன்னையும் சேர்த்து. பழவண்டி நாளையிலிருந்து பழைய இடத்தில் நிற்கலாம் என்று ஜீப்பிலேயே போய் அக்காவிடம் சொல்லிவிட்டும் வந்தார்.

"என்ன சொன்னாங்க மேடம்?" என்று கை சார் தயங்கிக் கேட்டார்.

"பிள்ளைங்களுக்குச் சரியாயிடுச்சான்னு கேட்டாங்க. அப்புறம், சாருக்கு உடம்பு இப்போ பரவாயில்லையான்னு கேட்டாங்க."

மறுநாள் விடியற்காலையில் கை சார் மனைவியிடம் எதுவும் சொல்லாமல் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பள்ளித் தெருவில் ஆளே இல்லை. வாட்ச்மேன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாளே கொண்டுவந்து நிறுத்திய வண்டி தார்ப்பாய் போர்த்தி மரத்தடியில் நின்றது. பக்கத்தில் நீல டிரம், காலியாக.

தெருமுனைக் குழாயிலிருந்து முதல் குடத்தைச் சுமந்து வந்து இறக்கினார். வாயிலிருந்து தன்னை அறியாமல் "அப்பனே" என்று வந்தது. முட்டி நன்றாக இருக்கும்போதே இப்படி என்றால், என்று நினைத்துக்கொண்டு, டிரம் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.

நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார்.

சட்டைப்பையில் ஒரு புதுச் சோப்பு இருந்தது. டிரம் குழாயில் கட்டித் தொங்கவிடக் கயிறு கோத்துக் கொண்டுவந்தது. உறையைப் பிரித்தார். குடத்தைச் சரித்து, நடைபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் தொடங்கினார். புறங்கை. விரல் இடுக்கு. நுரை பொங்கிவந்து மணிக்கட்டில் வழிந்தது. அவசரமே இல்லாமல் நகக்கண்ணுக்குப் போனார்.

பிள்ளைகள் இல்லை, மனைவி இல்லை, யாருமே பார்க்கவில்லை. அப்படி அவர் கை கழுவியது அன்றுதான் முதல் தடவை.